முதலில் கிளம்பிய ஜிஜிப் கடைசியில்தான் முடிகிறது: ஃபோர்க் செய்யும்போது எஃப்டிகளை என்ன செய்வது?

இரண்டாம்_ஷிஃப்ட் · திங்கள், இரவு 10:40

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் செக்கு மாடு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

சி மொழியில் ஒரு சின்ன டீமன், அதாவது பின்னணியில் ஓடும் நிரல். வந்து சேரும் தரவை ஜிஜிப் என்ற சுருக்கும் நிரலிடம் கொடுத்துச் சுருக்கி வாங்கி வைப்பதுதான் அதன் வேலை. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பைப் (ஒரு முனையில் எழுதினால் மறுமுனையில் வாசிக்கலாம்; ஒவ்வொரு முனைக்கும் ஓர் எஃப்டி, அதாவது ஃபைல் டிஸ்கிரிப்டர் எண் உண்டு): ஒன்று ஜிஜிப்பின் ஸ்டான்டர்டு இன்புட்டுக்கு, இன்னொன்று அதன் அவுட்புட்டுக்கு. ஃபோர்க் செய்து டீமனின் நகலாக ஒரு சைல்டு ப்ராசஸைக் கிளப்புகிறேன்; டீமன் அதன் பேரன்ட். சைல்டில் டூப்2 போட்டு முனைகளின் நகலை 0 (இன்புட்), 1 (அவுட்புட்) இரண்டிலும் பொருத்தி, மிச்ச முனைகளை மூடி, எக்ஸெக்; அப்போது சைல்டு ஜிஜிப்பாக மாறும். பேரன்ட் தரவை எழுதி முடித்ததும் தன் எழுதும் முனையை மூடுகிறது. ஜிஜிப் ஈஓஎஃப், அதாவது தரவு முடிந்தது என்ற குறியைப் பார்த்து முடிய வேண்டும்.

ஒரு வேலை மட்டும் ஓடினால் எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டு சேர்ந்து ஓடினால், முதல் ஜிஜிப்புக்கு எல்லாத் தரவையும் கொடுத்து மூடிய பிறகும் அது அசையாமல் நிற்கிறது. இரண்டாவது முடிந்த மறுகணம் இதுவும் முடிகிறது. மூன்று ஓடவிட்டால் 3, 2, 1 என்று தலைகீழாக முடிகின்றன. நெரிசல் பஸ்ஸில் கடைசியாக ஏறியவர் இறங்கினால்தான் உள்ளே இருப்பவர் இறங்க முடியும் என்பது போல.

முனையை மூடும் க்ளோஸ் 0 தான் தருகிறது (பிழை இல்லை), பார்த்துவிட்டேன். லினக்ஸ் டெபியன் 12, கர்னல் (இயங்குதளத்தின் மையம்) 6.1.

அரைத்தூக்கம் · இரவு 10:52

பேரன்டில் எழுதும் முனையை மூட மறந்திருப்பீர்கள். எல்லோரும் செய்வதுதான்.

இரண்டாம்_ஷிஃப்ட் · இரவு 10:55

மூடுகிறேன் என்று மேலேயே எழுதியிருக்கிறேனே.

அரைத்தூக்கம் · இரவு 11:01

மன்னிக்கவும், கண்ணாடி போடாமல் படித்துவிட்டேன். சரி, சைல்டில்? ஜிஜிப்பே தன் பைப்பின் எழுதும் முனையையும் பிடித்துக்கொண்டிருந்தால் தனக்காகத் தானே காத்திருக்கும். அதுவும் இல்லையென்றால் பைப் நிரம்பியிருக்கும். லினக்ஸில் ஒரு பைப் வழக்கமாக 65536 பைட்தான் கொள்ளும். நீங்கள் எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் வாசிப்பேன் என்று இருந்தால் இரண்டு பக்கமும் முட்டி நிற்கும்.

இரண்டாம்_ஷிஃப்ட் · இரவு 11:04

சைல்டில் நான்கு முனைகளையும் மூடுகிறேன். எந்த முனை தயார் என்று சொல்லும் "போல்" என்ற ஃபங்ஷனை வைத்து, எழுதுவதும் வாசிப்பதும் மாறி மாறித்தான் நடக்கிறது. அப்படி முட்டியிருந்தால் ஒரு வேலை ஓடும்போதே முட்டியிருக்குமே.

கயல் · இரவு 11:20

"தலைகீழாக முடிகின்றன" என்றீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. இரண்டு ஜிஜிப்பும் ஓடும்போது ஓடும் ப்ராசஸ்களின் விவரம் இருக்கும் /ப்ராக் அடைவுக்குள் அவற்றின் பிஐடியை, அதாவது ப்ராசஸ் எண்ணைத் தேடி, அதற்குள் இருக்கும் எஃப்டி அடைவை எல்எஸ்-எல் போட்டுப் பாருங்கள். இரண்டாவதின் பட்டியலை இங்கே போடுங்கள்.

இரண்டாம்_ஷிஃப்ட் · இரவு 11:34

முதல் ஜிஜிப்: 0 → பைப்:[48213], 1 → பைப்:[48214].

இரண்டாவது: 0 → பைப்:[48219], 1 → பைப்:[48220], கூடவே 4 → பைப்:[48213], 5 → பைப்:[48214].

இந்த 4, 5 எங்கிருந்து வந்தன? இரண்டாவதற்காகத் திறந்த நான்கையும் மூடிவிட்டேனே.

கயல் · இரவு 11:58

இரண்டாவதற்காகத் திறந்ததை மூடினீர்கள். முதலாவதற்காகத் திறந்தது?

இரண்டாம் முறை ஃபோர்க் செய்யும் நேரத்தில் பேரன்டின் கையில் என்ன இருந்தது என்று பாருங்கள். முதல் ஜிஜிப்புக்கு எழுதும் முனை 4, அதனிடமிருந்து வாசிக்கும் முனை 5. ஃபோர்க் எஃப்டி அட்டவணையை அப்படியே நகலெடுக்கும், எக்ஸெக் அதை அப்படியே விட்டுவைக்கும். எனவே இரண்டாவது ஜிஜிப் தனக்குத் தெரியாமலே முதலாவதின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறது.

எஃப்டி என்பது வெறும் எண். அதற்குப் பின்னால் கர்னலில் திறந்த கோப்புக்கான ஒரு பதிவு இருக்கிறது. நகலாவது எண்தான், பதிவு ஒன்றேதான். நீங்கள் க்ளோஸ் செய்தபோது அந்தப் பதிவைக் காட்டும் எண்களில் ஒன்று குறைந்தது, அவ்வளவே. வாசிப்பவருக்கு ஈஓஎஃப் போக வேண்டுமென்றால் எழுதும் முனையைப் பிடித்திருக்கும் கடைசி ஆளும் விட வேண்டும். இங்கே அந்தக் கடைசி ஆள் இரண்டாவது ஜிஜிப். அது முடிந்தபோது கர்னல் அதன் எஃப்டிகளை மூடியது, முதலாவதற்கு விடுதலை கிடைத்தது.

5-ஐயும் சும்மா விடாதீர்கள். அது முதலாவதின் அவுட்புட்டை வாசிக்கும் முனை. உங்கள் டீமன் திடீரென்று செத்தால் வாசிக்க ஆளில்லாத பைப்பில் எழுதுபவரை நிறுத்தும் சிக்பைப் என்ற சிக்னல் முதல் ஜிஜிப்புக்கு வந்து அதுவும் நின்றிருக்க வேண்டும். வாசிக்கவே தெரியாத ஒருவர் வாசிக்கும் முனையைப் பிடித்திருப்பதால் சிக்பைப் வராது. பைப் நிரம்பி அப்படியே உறைந்து நிற்கும்.

பழைய_யுனிக்ஸ்காரன் · செவ்வாய், காலை 6:15

இதற்கு இவ்வளவு பெரிய விளக்கமா? தம்பி, சைல்டில் எக்ஸெக்குக்கு முன்னால் 3-லிருந்து சிஸ்கான்ஃப் சொல்லும் ஓபன் மேக்ஸ் (எஃப்டி எண்ணின் உச்ச வரம்பு) வரைக்கும் ஒரு ஃபார் லூப். எது திறந்திருக்கிறது, எது இல்லை என்று பார்க்கவே வேண்டாம். எல்லாவற்றையும் மூடு. திறக்காத எண்ணை மூடினால் பிழைதான் வரும், உயிர் போகாது. நாங்கள் எல்லாம் இப்படித்தான் டீமன் எழுதினோம்.

இரண்டாம்_ஷிஃப்ட் · செவ்வாய், காலை 9:30

ஐயா, நான்கு வரி. வேலை செய்கிறது! கயலுக்கும் உங்களுக்கும் மிக்க நன்றி. இழையை மூடிவிடலாம்.

இரண்டாம்_ஷிஃப்ட் · செவ்வாய், மாலை 4:10

இழையை மூட வேண்டாம்.

என் கணினியில் ஓடியது கன்டெய்னர் என்ற தனித்த சூழலுக்குள் போனதும் படுத்துவிட்டது. ஒவ்வொரு ஜிஜிப்பும் கிளம்புவதற்கு முன்னால் ஒரு சிபியு நூறு சதவீதத்தில் நிற்கிறது. ஒரு நிமிடத்துக்கு மேல். கர்னலிடம் போகும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டால் க்ளோஸ், க்ளோஸ், க்ளோஸ் என்று அருவி மாதிரி கொட்டுகிறது. உள்ளே எஃப்டி வரம்பைச் சொல்லும் யூலிமிட் -என் அடித்துப் பார்த்தேன். 1073741816.

அரைத்தூக்கம் · மாலை 4:14

நூறு கோடிக்கும் மேல் கதவு, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறது.

பழைய_யுனிக்ஸ்காரன் · மாலை 5:40

ஏழாம் பதிப்பு யுனிக்ஸில் ஒரு ப்ராசஸுக்கு 20 எஃப்டிதான். அப்போது இந்த லூப்புக்கு ஒரு குறையும் இல்லை. தோற்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

கயல் · மாலை 6:30

ஐயா தோற்கவில்லை. அந்த லூப்புக்கான மருந்து தாமதமாக வந்தது, அவ்வளவுதான். லினக்ஸ் 5.9-இல், 2020-இல், க்ளோஸ்_ரேஞ்ச் வந்தது. 3 முதல் உச்ச எண் வரை என்று ஒரே சிஸ்டம் காலில் (கர்னலுக்கான அழைப்பில்) சொன்னால் கர்னல் திறந்திருப்பதை மட்டும் பார்த்து மூடிவிடும். சியின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியில் 2.34 முதல் அதற்கு நேரடி ஃபங்ஷன் இருக்கிறது, உங்கள் டெபியன் 12-இல் 2.36. பிஎஸ்டி, சோலாரிஸ் ஆட்களிடம் க்ளோஸ்ஃப்ரம் வெகு நாளாகவே உண்டு.

ஒன்று கவனம்: கன்டெய்னருக்குள் எந்த டெபியன் இருந்தாலும் கர்னல் வெளியே இருக்கும் இயந்திரத்துடையது. பழைய கர்னலாக இருந்தால் "அப்படியொரு கால் இல்லை" என்ற ஈநோசிஸ் பிழை வரும். பழைய கன்டெய்னர் மென்பொருளின் செக்காம்ப் வடிகட்டி (எந்த சிஸ்டம் காலை விடலாம் என்று பார்ப்பது) தனக்குத் தெரியாத சிஸ்டம் காலுக்கு ஈபெர்ம் (அனுமதியில்லை) பிழை தருவதும் உண்டு. இரண்டையும் பிடித்து மாற்று வழிக்குப் போங்கள்.

மாற்று வழியாக சைல்டில் அடைவைத் திறக்கும் ஓபன்டிர் போட்டு /ப்ராக்கை வாசிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டீமனில் த்ரெட் (ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் பகுதிகள்) இருந்தால், ஃபோர்க்குக்கும் எக்ஸெக்குக்கும் நடுவே சிக்னல் ஹேண்ட்லரில் கூப்பிடத் தகுந்தவற்றை மட்டும்தான் கூப்பிடலாம். ஓபன்டிர் உள்ளே நினைவகம் வாங்கும் மால்லாக்கைக் கூப்பிடும். வேறொரு த்ரெட் மால்லாக்கின் பூட்டைப் பிடித்திருந்த கணத்தில் ஃபோர்க் நடந்திருந்தால், திறப்பதற்கு ஆளே இல்லாத பூட்டு சைல்டில் இருக்கலாம்.

ஆனால் இதெல்லாம் விளக்குமாறு. குப்பை விழுந்த பிறகு பெருக்குவது. விழாமலே இருக்க வழி உண்டு: எஃப்டி பிறக்கும்போதே க்ளோஎக்ஸெக் கொடியோடு பிறக்கட்டும். எக்ஸெக் நடக்கும்போது கர்னலே அதை மூடிவிடும்.

உங்கள் நிரலில் இதில் ஓர் அழகு இருக்கிறது. டூப்2 புது எண்ணில் அந்தக் கொடியை ஏற்றாது. பைப்பின் நான்கு முனைகளும் கொடியோடு இருந்தாலும், டூப்2 செய்து 0, 1-இல் வைத்தவை கொடியில்லாமல் இருக்கும். எக்ஸெக் ஆனதும் மூலங்கள் மூடப்படும், நகல்கள் நிற்கும். சைல்டில் நீங்கள் எழுதியிருக்கும் நான்கு க்ளோஸ் வரிகளும் தேவையே இல்லை.

இரண்டாம்_ஷிஃப்ட் · இரவு 9:15

செய்தேன். பைப் திறந்த உடனே எஃப்டியின் கொடிகளை மாற்றும் எஃப்சிஎன்டிஎல்லில் எஃப்_செட்எஃப்டி கொடுத்து ஓ_க்ளோஎக்ஸெக் போட்டேன். பிழை எதுவும் வரவில்லை. லூப்பை எடுத்துவிட்டேன். 3, 2, 1 திரும்ப வந்துவிட்டது.

கயல் · இரவு 9:22

எஃப்_செட்எஃப்டிக்கு எஃப்டி_க்ளோஎக்ஸெக் கொடுக்க வேண்டும். ஓ_க்ளோஎக்ஸெக் இல்லை.

இரண்டும் வெவ்வேறு எண். முதலாவது 1. இரண்டாவது எக்ஸ்86-இல் எட்டடிமான எண்ணில் 02000000. எஃப்_செட்எஃப்டி கடைசி பிட்டை மட்டும் பார்க்கும். நீங்கள் கொடுத்ததில் அது 0. "கொடியை இறக்கு" என்று நீங்கள் சொன்னதாக எடுத்துக்கொண்டு 0 திருப்பித் தந்திருக்கிறது. தலைகீழாக, ஓபனில் எஃப்டி_க்ளோஎக்ஸெக் போட்டால் இன்னும் வேடிக்கை. 1 என்றால் அங்கே எழுத மட்டும் திற என்று அர்த்தம்.

சந்தேகமாக இருந்தால் /ப்ராக்கில் எஃப்டிஇன்ஃபோ அடைவில் அந்த எண்ணைத் திறந்து ஃப்ளாக்ஸ் வரியைப் பாருங்கள். 02000000 அதில் சேர்ந்திருந்தால் கொடி இருக்கிறது.

தறிக்காரன் · இரவு 10:05

நடுவில் நுழைகிறேன். டீமனில் த்ரெட் இருக்கிறதா?

இரண்டாம்_ஷிஃப்ட் · இரவு 10:08

நான்கு. ஒவ்வொன்றும் தனக்கு வந்த வேலைக்கு ஜிஜிப் கிளப்பும்.

தறிக்காரன் · இரவு 10:31

அப்படியானால் எஃப்சிஎன்டிஎல்லே வேண்டாம். பைப் ஒரு சிஸ்டம் கால், கொடி போடுவது இன்னொரு சிஸ்டம் கால். இரண்டுக்கும் நடுவே பக்கத்து த்ரெட் ஃபோர்க் செய்துவிட்டால் கொடியில்லாத எஃப்டி அங்கே ஓடிவிடும். சோதனையில் மாட்டாது, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மாட்டும்.

பைப்புக்குப் பதில் பைப்2-இல் ஓ_க்ளோஎக்ஸெக் கொடுங்கள். திறப்பதும் கொடியும் ஒரே காலில் முடியும். இந்த நடு இடைவெளியை அடைக்கத்தான் உல்ரிச் டிரெப்பர் 2007, 2008-இல் இவற்றைக் கொண்டுவந்தார். ஓபனுக்கு 2.6.23 கர்னலில் வந்தது. பைப்2, டூப்3, சாக்கெட்டுக்கான சாக்_க்ளோஎக்ஸெக் எல்லாம் 2.6.27-இல். வரும் இணைப்பை ஏற்கும் அக்செப்ட்டின் கொடி வாங்கும் வடிவமான அக்செப்ட்4 அடுத்த பதிப்பில். எஃப்ஓபன் பயன்படுத்தினால் மோடில் ஓர் "ஈ" எழுத்தைச் சேர்த்தால் போதும்.

இவ்வளவு பழைய வசதியை இன்னும் பாதிப் பேர் தொடுவதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல். பைதான் 3.4-இல், 2014-இல், திறக்கும் எல்லா எஃப்டியையும் இயல்பாகவே சைல்டுக்குப் போகாததாக மாற்றிவிட்டார்கள். சியில் மட்டும் ஒவ்வொரு இடத்திலும் நாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

பில்டு_பொறுப்பு · இரவு 11:10

மூடு மூடு என்று எல்லோரும் சொல்வதால் எதிர்க்குரல் ஒன்று. எஃப்டி சைல்டுக்குப் போவது கோளாறு இல்லை, யுனிக்ஸின் வசதியே அதுதான். சேவைகளைக் கிளப்பும் சிஸ்டம்டி, தான் திறந்து வைத்த சாக்கெட்டை 3-லிருந்து வரிசையாகக் கொடுத்து, எத்தனை என்பதை லிசன்_எஃப்டிஎஸ் என்ற மாறியில் சொல்கிறது. பாஷில் கோணக்குறியும் அடைப்பும் போட்டு ஒரு கட்டளையின் வெளியீட்டைக் கோப்பு மாதிரி கொடுக்கிறோமே, அது /டெவ்/எஃப்டி/63 என்று போகிறது. பில்டு கருவியான மேக்கின் ஜாப்சர்வர் (எத்தனை வேலை ஒரே நேரத்தில் ஓடலாம் என்று பங்கிடுவது) 4.4 வரும் வரைக்கும் இரண்டு பைப் எண்களைத்தான் பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பியது. எங்கள் பில்டில் நடுவே ஒரு ராப்பர் (இன்னொரு நிரலைக் கிளப்பிவிடும் நிரல்) உட்கார்ந்து 3-க்கு மேல் எல்லாவற்றையும் மூடியது. ஜாப்சர்வர் கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கையோடு எல்லாம் ஒற்றை வரிசையில் ஓடியது. மூல காரணம் தெரிய எனக்கு ஒரு வாரம் ஆனது.

கயல் · இரவு 11:25

ஏற்கிறேன். நைஸ், என்வி மாதிரி வேறொருவருக்காக நடுவில் நிற்கும் நிரல் என்றால், தான் திறந்ததை மட்டும் மூடட்டும். வாங்கிவந்ததில் கை வைக்கக் கூடாது. க்ளோஎக்ஸெக் அந்த வேறுபாட்டைத் தானாகவே காக்கிறது. விளக்குமாறுக்கு அது தெரியாது. இவருடையது டீமன், ஜிஜிப்புக்கு 0, 1, 2 தவிர எதுவும் வேண்டாம். இங்கே இரண்டும் இருக்கலாம்.

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ரன்சி, அதாவது டாக்கர் முதலியவற்றின் அடியில் கன்டெய்னரைக் கிளப்பும் நிரல், வெளி இயந்திரத்தின் ஓர் அடைவைக் காட்டும் எஃப்டியைக் கசியவிட்டது. உள்ளே இருப்பவர் தன் வேலை அடைவாக அந்த எஃப்டி எண்ணைக் கொடுத்தால் வெளியே வந்து நிற்கலாம். இந்தப் பாதுகாப்பு ஓட்டையின் பதிவு எண் சிவிஇ-2024-21626. 2024 ஜனவரியில் 1.1.12 பதிப்பில் அடைத்தார்கள்.

இரண்டாம்_ஷிஃப்ட் · புதன், மதியம் 1:20

பைப்2-க்கு மாறிவிட்டேன். என் கணினி, கன்டெய்னர் இரண்டிலும் ஓடுகிறது. மூன்றாவதாக ஒரு பழைய சர்வர் இருக்கிறது. அதில் மட்டும் ஒவ்வொரு முறையும் முதலில் கிளம்பும் ஜிஜிப், எஸ்டிடின்னை (ஸ்டான்டர்டு இன்புட், எண் 0) வாசிக்க முடியவில்லை என்று கத்திவிட்டுச் சாகிறது. "தவறான ஃபைல் டிஸ்கிரிப்டர்" என்கிறது. சிரிக்காதீர்கள்.

தறிக்காரன் · மதியம் 1:33

அந்த சர்வரில் டீமனை யார் கிளப்புகிறார்கள்? ஸ்க்ரிப்ட்டா? அதைத் திறந்து, எஸ்டிடின்னை மூடிவிட்டுக் கிளப்பும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இன்புட் குறிக்குப் பக்கத்தில் ஆம்பர்சாண்டும் கழித்தல் குறியும் இருக்கும்.

இரண்டாம்_ஷிஃப்ட் · மதியம் 1:41

இருக்கிறது! எப்படித் தெரிந்தது?

தறிக்காரன் · மதியம் 2:15

அடிபட்டவன்.

0 மூடியிருக்கும் நிலையில் டீமன் பிறக்கிறது. கர்னல் எப்போதும் காலியாக இருக்கும் மிகச் சிறிய எண்ணைத்தான் கொடுக்கும். ஆகவே உங்கள் முதல் பைப்பின் வாசிக்கும் முனைக்கே 0 கிடைத்துவிட்டது. சைல்டில் டூப்2-இடம் "0-ஐ 0-க்கு நகலெடு" என்கிறீர்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் டூப்2 எதையும் செய்யாமல் 0-ஐத் திருப்பித் தந்துவிடும். கொடியை இறக்குவதும் நடக்காது. எக்ஸெக் வந்தது, கொடியைப் பார்த்தது, எஸ்டிடின்னை மூடியது. முன்பு கொடி இல்லாதபோது நீங்கள் சைல்டில் முனைகளை மூடியபோதும் இதே 0-ஐத்தான் மூடியிருப்பீர்கள். அந்த சர்வரில் ஓட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இதைவிட மோசம், 0, 1 இரண்டும் மூடியிருந்து முனைகள் குறுக்கே மாறி விழுந்தால். முதல் டூப்2 இரண்டாவதற்கு வேண்டியதை மிதித்துவிடும்.

மருந்து சின்னது. மெயினின் முதல் வேலையாக, எழுதியதை விழுங்கும் வெற்றுக் கோப்பான /டெவ்/நல்லை வாசிக்கவும் எழுதவும் திறந்துகொண்டே இருங்கள், 2-க்கு மேல் எண் வரும் வரை. மேலே வந்த கடைசி ஒன்றை மட்டும் மூடிவிடுங்கள். 0, 1, 2 மூன்றிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்திருப்பது உறுதி, அப்புறம் எந்த பைப்பும் அங்கே வந்து விழாது.

ஃபோர்க்கையும் எக்ஸெக்கையும் ஒன்றாகச் செய்யும் போசிக்ஸ்_ஸ்பான் பக்கம் போனால் இந்த ஒரே எண் சிக்கலை ஜிலிப்சி 2.29 முதல் அதுவே பார்த்துக்கொள்ளும், கொடியை இறக்கிவிடும். 2.34 முதல் அதற்குள் க்ளோஸ்ஃப்ரம் வசதியும் இருக்கிறது. ஜிஜிப் மாதிரி எளிய வேலைக்கு ஃபோர்க்கை விட்டு அதற்கு மாறுவதே நல்லது என்பது என் கருத்து.

இரண்டாம்_ஷிஃப்ட் · மாலை 6:50

ஃபோர்க்கை விட முடியாது, சைல்டில் முன்னுரிமையையும் வேலை அடைவையும் மாற்றுகிறேன். இன்னொரு கேள்வி. எக்ஸெக் தோற்றால் பேரன்டுக்குக் காரணம் சொல்ல ஒரு தனி பைப் வைத்திருக்கிறேன். சைல்டு அதில் எர்நோவை (பிழை எண்ணை) எழுதிவிட்டு 127-இல் வெளியேறும். க்ளோஸ்_ரேஞ்ச் அதையும் மூடிவிடுகிறதே?

கயல் · மாலை 7:05

மூடச் சொன்னால் மூடத்தான் செய்யும். க்ளோஸ்_ரேஞ்சின் மூன்றாவது ஆர்க்யூமென்டில் க்ளோஎக்ஸெக் கொடியைக் கொடுங்கள். 5.11 கர்னலிலிருந்து உண்டு. அப்போது 3 முதல் எல்லாவற்றுக்கும் கொடி மட்டும் ஏறும், மூடப்படாது. எக்ஸெக் தோற்றால் உங்கள் பைப் இன்னும் திறந்திருக்கிறது, எழுதலாம். வென்றால் கர்னல் மூடும், பேரன்டின் ரீட் 0 தரும். 0 வந்தால் ஜிஜிப் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். இப்படிச் செய்தால் உங்கள் லைப்ரரிகள் எதுவும் கொடியில்லாமல் திறந்து வைத்திருந்தாலும் சிக்கிவிடும்.

இரண்டாம்_ஷிஃப்ட் · வியாழன், காலை 10:20

நேற்று இரவு நாற்பது வேலையை ஒன்றாக ஓடவிட்டேன். சின்னது முன்னால் முடிகிறது, பெரியது பின்னால். மூன்று இயந்திரத்திலும். ஜிஜிப்களின் எஃப்டி அடைவில் 0, 1, 2 தவிர எதுவும் இல்லை.

அரைத்தூக்கம் · காலை 10:44

இதைப் படித்துவிட்டு என் நிரலைத் திறந்தேன். எல்லாம் பாப்பன், பைப்பும் ஃபோர்க்கும் சேர்த்துச் செய்யும் ஃபங்ஷன். எனக்கு ஏன் இதுவரை 3, 2, 1 வரவில்லை?

பழைய_யுனிக்ஸ்காரன் · காலை 11:30

ஏனென்றால் இந்த நோய் அவ்வளவு பழையது தம்பி. முந்தைய பாப்பன்களில் இன்னும் திறந்திருக்கும் குழாய்களை, புதிதாகக் கிளம்பும் பிள்ளையில் பாப்பனே மூட வேண்டும் என்று யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தர விதியே சொல்கிறது. தான் திறந்ததை மட்டும்தான். உன் சாக்கெட்டையும் லாக் கோப்பையும் அது தொடாது.

அரைத்தூக்கம் · காலை 11:33

என் சாக்கெட் அக்செப்ட்டில் திறக்கிறது. நான்கு இல்லாத அக்செப்ட்.

தறிக்காரன் · காலை 11:35

மாற்றிவிட்டு வாருங்கள்.